புக்மார்க்கை நம்பாதீர்கள், பக்கத்தையே எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுக் கணினியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயன்படுத்தாத மென்பொருள்களை நீக்குவது, டவுன்லோடு ஃபோல்டரை அவ்வப்போது பார்ப்பது எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: சேமித்து வைத்திருக்கும் இணையப் பக்கங்களை அழித்துவிடலாம், வேண்டும்போது தேடினால் கிடைத்துவிடும் என்று இருந்தது. வாசகர்கள் தயவுசெய்து அந்த ஒரு வரியை மட்டும் பின்பற்ற வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய வால்வு ரேடியோக்களையும் கேசட் டெக்குகளையும் பழுது பார்ப்பது என் வேலை. வேலை என்று சொன்னாலும் வருமானத்துக்காகச் செய்வதில்லை. தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருவார்கள், ஓட வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். இந்தப் பொருள்களைத் தயாரித்த நிறுவனங்களில் பல இன்று இல்லை. சர்வீஸ் மேனுவல்கள் அச்சில் இல்லை. ஒரு குறிப்பிட்ட மாடலின் சர்க்யூட் வேண்டுமென்றால், எங்கோ ஒரு ஓய்வு பெற்ற என்ஜினியர் தன் கையிருப்பு மேனுவலை ஸ்கேன் செய்து, சொந்தக் காசில் ஓர் இணையதளம் நடத்தி, அதில் போட்டிருந்தால் உண்டு. அவர் ஆண்டுச் சந்தா கட்டும் வரைதான் அந்தத் தளம் இருக்கும். அவர் உடம்புக்கு முடியாமல் போனாலோ, காலமானாலோ, டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகிவிடும். அடுத்த சில மாதங்களில் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் வந்து உட்கார்ந்திருக்கும். நான் புக்மார்க் செய்த முகவரிகளில் இப்படிப் போனவை ஏராளம். அவற்றில் இருந்த விஷயம் இன்றும் எனக்குக் கிடைக்கிறது என்றால், பக்கங்களை வன்தட்டில் இறக்கி வைத்ததுதான் காரணம்.

இது ரேடியோ பைத்தியங்களின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன. ஜியோசிட்டீஸ் நினைவிருக்கலாம். லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் இணையப் பக்கத்தை அங்கேதான் கட்டினார்கள். 2009 அக்டோபரில் யாகூ அதை மூடிவிட்டது. தன்னார்வலர்கள் இரவும் பகலுமாக இறக்கியதால் ஒரு பகுதி தப்பியது. பிற்பாடு படிக்கலாம் என்று லட்சோபலட்சம் பேர் கட்டுரைகளைப் போட்டு வைத்த பாக்கெட் சேவை 2025 ஜூலை 8ஆம் தேதி நின்றுபோனது. தளம் திறக்காதபோது பக்கத்தின் சேமித்த பிரதியைப் பார்க்க, தேடல் முடிவுகளில் கூகுள் காட்டிவந்த இணைப்பையும் 2024இல் எடுத்துவிட்டார்கள். 'தேடினால் கிடைக்கும்' என்பது அந்த நேரத்தில் யாரோ ஒருவர் நமக்காக ஒரு சர்வரை, அதாவது பக்கங்களை அனுப்பித் தரும் கணினியை, ஓட விட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவர் நிறுத்தும்போது நம்மைக் கேட்டுக்கொண்டு நிறுத்த மாட்டார்.

சரி, எப்படிச் சேமிப்பது? இதில்தான் பலர் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள்.

கன்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்தினால் குரோமிலும் எட்ஜிலும் மூன்று வகை கேட்கும். எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் வடிவம்) மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வரும், படங்கள் வராது. முழுப் பக்கம் என்றால் ஒரு கோப்பும், அதே பெயரில் படங்கள் அடங்கிய ஒரு ஃபோல்டரும் வரும். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. கோப்பை மட்டும் பென்டிரைவில் காப்பி செய்து கொண்டுபோனால் படங்கள் இருக்கும் இடமெல்லாம் வெற்றுக் கட்டமாக நிற்கும். மூன்றாவது, ஒற்றைக் கோப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி எம்எச்டிஎம்எல் என்ற வடிவத்தில் தரும். வசதிதான், ஆனால் ஃபயர்பாக்ஸ் அதைத் தானாகத் திறக்காது. அதனால் நான் சிங்கிள்ஃபைல் என்ற இலவச நீட்சியை, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளை, பயன்படுத்துகிறேன். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் வேலை செய்கிறது. படங்களையும் எழுத்துருக்களையும் எழுத்து வடிவில் குறியாக்கி ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் வைத்துவிடும். இந்தக் குறியாக்கத்தால் படங்களின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எந்தப் பிரவுசரிலும் திறக்கும் கோப்பாக இருப்பதுதான் முக்கியம். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் கோப்பின் தலையிலேயே அது எழுதி வைக்கிறது. நோட்பேடில் திறந்தால் தெரியும். பிற்காலத்தில் அந்தத் தளம் போன பிறகு, இது யாருடைய எழுத்து, எங்கிருந்து வந்தது என்று சொல்ல அந்த ஒரு குறிப்புதான் மிஞ்சும்.

எந்த முறையில் சேமித்தாலும் ஒரு விஷயம் தானாக நடக்காது. சர்க்யூட் படம் உள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சிறு படம். அதைச் சொடுக்கினால்தான் பெரிய படம் தனியாகத் திறக்கும். பக்கத்தைச் சேமிக்கும்போது வருவது அந்தச் சிறு படம் மட்டுமே. பெரியது இன்னொரு முகவரியில் இருப்பதால் வராது. சிறு படத்தில் ஒரு ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாகம்) 4.7 கிலோ ஓமா 47 கிலோ ஓமா என்று பார்த்தால், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்தான் தெரியும். (இந்தப் புள்ளி நகல்களில் தொலைந்துவிடும் என்பதால்தான் பல தயாரிப்பாளர்கள் புள்ளியை விட்டுவிட்டு அந்த இடத்தில் 'கே' போட்டு, 4கே7 என்று எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு தொலைநோக்கு!) டயல் கயிறு கட்டும் படமும் அப்படித்தான். ஸ்டேஷன் மாற்றும் குமிழைத் திருகும்போது முள்ளை நகர்த்துவது ஒரு மெல்லிய கயிறு. அது எந்தக் கப்பி மேல் ஏறி, எதற்கு அடியில் நுழைந்து, குமிழின் தண்டை எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்பது அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கும். சுற்று மாறினால் முள் எதிர்ப்பக்கம் ஓடும். ஆகவே ஒவ்வொரு பெரிய படத்தையும் தனித்தனியாகத் திறந்து, வலது சொடுக்கில் சேமித்து, பக்கம் இருக்கும் அதே ஃபோல்டரில் போட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் பக்கத்தின் உயிரே அந்தப் படத்தில் இருக்கும்போது வேறு வழியில்லை. உங்களுக்கு அது சர்க்யூட்டாக இல்லாமல் தையல் அளவு வரைபடமாகவோ, குடும்ப மரமாகவோ, ஒரு நிலவரைபடமாகவோ இருக்கலாம். செய்ய வேண்டியது ஒன்றே.

இன்னொன்று, இப்போதைய பக்கங்கள் பலவும் நாம் கீழே இறங்க இறங்கத்தான் படங்களை வரவழைக்கும். திறந்த உடனே சேமித்தால் மேல் பாதிதான் ஒழுங்காக இருக்கும். கடைசி வரை மெதுவாக உருட்டி, 'மேலும் படிக்க' என்று மடித்து வைத்திருக்கும் பகுதிகளையெல்லாம் விரித்துவிட்டு, அப்புறம் சேமியுங்கள்.

சேமித்த பிறகு கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. வைஃபையை அணைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இணைப்பு இருக்கும்போது பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஏனென்றால் கோப்புக்குள் இல்லாத படத்தைப் பிரவுசர் சத்தமில்லாமல் மூலத் தளத்திலிருந்து கொண்டுவந்து காட்டிவிடும். தளம் மூடப்படும் நாளில்தான் நம்மிடம் அந்தப் படம் ஒருநாளும் இருந்ததில்லை என்பது தெரியவரும். இணைப்பைத் துண்டித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

பிடிஎஃப் ஆக அச்சிட்டு வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். தாளில் எடுத்துப் படிக்க நல்லது. ஆனால் அகலமான அட்டவணைகள் ஓரத்தில் வெட்டுப்படும். தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிரவுசரிலிருந்து எடுத்த பிடிஎஃப்பில் தமிழ் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து ஒட்டினால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். 'ரேடியோ' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லை இல்லை என்று சொல்லும். பல வருடச் சேமிப்பில் ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேடல்தான் துணை. எனவே பிடிஎஃப் எடுத்தாலும் எச்டிஎம்எல் கோப்பை விட்டுவிடாதீர்கள்.

எல்லா மொழிகளுக்கும் இன்று பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு முந்தைய தமிழ்ப் பக்கங்களை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. திஸ்கி, டாம், டாப் என்று, எந்த எழுத்துக்கு எந்த எண் எனச் சொல்லும் குறியாக்கங்களும் வெவ்வேறு. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ரோமன் எழுத்தும் வினோதக் குறிகளுமாகப் புரியாத குப்பை போலத் தெரியும். குப்பை என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். அது குப்பையே இல்லை, தமிழ்தான்; உரிய எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம், குறியாக்க மாற்றி வழியாக யுனிகோடுக்கும் கொண்டுவரலாம். அந்த எழுத்துருக் கோப்பையும் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள். மாற்றிய பிறகும் மூலக் கோப்பு இருக்கட்டும்.

கோப்புப் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். பக்கத்தின் நீண்ட தலைப்பையே பிரவுசர் பெயராக வைத்துவிடும். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களையும் சேர்த்து முழுப் பாதையும் வழக்கமாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் 'கா' என்பதே இரண்டு குறி. விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் பயன்படுத்தும் லினக்ஸிலோ ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் வரம்பு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் 85 குறிகளோடு கதை முடிந்துவிடும். நீளமான பெயரோடு, பல அடுக்கு ஃபோல்டருக்குள் கிடக்கும் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது சில நகராமல் அடம் பிடிப்பது இதனால்தான். நான் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போட்டு, பிறகு மாடல் எண்ணையும் ஓரிரு சொற்களையும் போடுகிறேன். பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடுகிறது.

ஒரு தளம் முழுவதுமே வேண்டுமென்றால் எச்டிடிராக் இருக்கிறது, டபிள்யூகெட் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டுமே தொண்ணூறுகளிலிருந்து இருப்பவை. பக்கம் பக்கமாகத் தொடர்ந்து போய் இறக்கி, உள் இணைப்புகளையும் நம் கணினிக்குள்ளேயே வேலை செய்யும்படி மாற்றித் தரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே சில விநாடி இடைவெளி விடும்படி அமைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சின்னத் தளங்கள் சின்ன சர்வரில் ஓடுகின்றன. நமக்கு உதவியவரின் தளத்தையே நம் அவசரத்தால் திணற வைக்கக் கூடாது. முடிந்தால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் எழுதிய இடங்களில் பலர் மகிழ்ச்சியோடு பதில் போட்டிருக்கிறார்கள். தளத்தில் ஏற்றாத ஸ்கேன்களையும் சேர்த்து அனுப்பியவர்கள் உண்டு. சேமித்தது நம் சொந்தப் படிப்புக்கு. அதை எடுத்து நம் பெயரில் வேறு இடத்தில் ஏற்றுவது திருட்டு; அவர் பெயரிலேயே ஏற்றினாலும் அவருடைய அனுமதி வேண்டும். அதேபோல, லாக்-இன் செய்த நிலையில் சேமித்த பக்கத்துக்குள் நம் பெயரும் மின்னஞ்சலும் இருக்கலாம். அப்படிப்பட்ட கோப்பைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்க புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய அமைப்பு. அந்தப் பிரதிகளைப் பார்க்க உதவும் அவர்களுடைய வேபேக் மெஷின் 2025 அக்டோபரில் ஒரு லட்சம் கோடி பக்கங்கள் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. நான் வீட்டில் சேமிக்கும் ஒவ்வொரு நல்ல பக்கத்தின் முகவரியையும் அங்கே கொடுத்து அவர்களையும் சேமிக்க வைக்கிறேன். அடுத்து வருகிறவருக்கு உதவும். ஆனால் அவர்கள் இருக்கிறார்கள் என்று நாம் சும்மா இருந்துவிடலாகாது. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்தத் தளமே நாள்கணக்கில் முடங்கியது. பழைய பக்கங்களைப் படிக்கும் வசதி திரும்பிய பிறகும், புதிதாகச் சேமிக்கும் வசதி வர மேலும் நாளானது. தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அவர்கள் பிரதியை எடுத்துவிடுவதும் உண்டு. பெரிய படங்களும் இறக்கிக்கொள்ளும் கோப்புகளும் அங்கே பல நேரம் விடுபட்டிருக்கும். எனக்கு வேண்டியது எப்போதும் அந்த விடுபட்ட கோப்பாகத்தான் இருந்திருக்கிறது.

இத்தனையும் செய்து ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தால் பயன் பாதிதான். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று ஒரு கணக்கு இருக்கிறது. புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பியது. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ, இணையவழிச் சேமிப்பிடமான கிளவுடிலோ ஒன்று. வெளி டிஸ்க்கை பேக்கப் எடுக்கும்போது மட்டும் செருகுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கிளவுடில் தானாக ஒத்திசையும் ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே கை தவறி அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கக் கெடு இருக்கிறது. பென்டிரைவில் வைத்து அலமாரியில் வருடக்கணக்கில் போட்டுவிடுவதும் வேண்டாம். அதில் தகவல் நிற்பது மின்னூட்டமாக, மின்சாரம் பார்க்காமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். அவ்வப்போது பேக்கப் டிஸ்க்கிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் அவசியம். பேக்கப் ஓடிமுடிந்தது என்று திரையில் வந்தாலும் திறந்து பார்த்தால்தான் உறுதி.

இடம் போதாது என்ற கவலையே வேண்டாம். படங்களோடு ஒரு பக்கம் 5 எம்பி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு டெராபைட் டிஸ்க்கில் இரண்டு லட்சம் பக்கங்கள் அடங்கும். ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேமித்தாலும் நிரம்பாது. எனவே இடத்தை மிச்சப்படுத்த பக்கங்களை அழிக்கச் சொன்ன அந்தக் கட்டுரையின் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. டிஸ்க்கை அடைப்பது வீடியோக்கள். அவற்றைக் களையச் சொல்லியிருக்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையை வெட்டி ஒட்டி வைத்துப் பின்பற்றுகிற வாசகர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள்.

இரண்டாவது, உங்கள் தளத்தைப் பற்றியது. தளம் புது வடிவத்துக்கு மாறியதிலிருந்து பழைய கட்டுரைகளின் முகவரிகள் எல்லாம் முகப்புப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998லேயே எழுதினார். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதே கட்டுரையின் புதிய முகவரிக்குத் திருப்பிவிட ஓர் அட்டவணை போதும். பழைய தரவுத்தளம் கையில் இருக்கும் வரை உங்கள் தொழில்நுட்பக் குழுவால் செய்யக்கூடிய வேலைதான். அந்தத் தரவுத்தளத்தை அழிப்பதற்கு முன் செய்துவிடச் சொல்லுங்கள். உங்கள் அறிவியல் பக்கத்தில் வானொலி பற்றி வந்த கட்டுரைகளைப் படங்களோடு சேமித்து வைத்திருக்கிறேன். உங்களிடம் ஏதாவது விடுபட்டிருந்தால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் உங்கள் வாசகி